மூப்பர் மேசையில் ஊருக்கும் ஓர் ஆசனம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுச் சபைகள் யாழ்ப்பாணத்தில் செய்யும் உதவிப் பணிகளைப் பற்றித் தங்கள் வாசகர் பகுதியில் அண்மைக்காலமாக இரண்டு விதமான கடிதங்களைக் காண்கிறேன். வருவோர் எல்லோரும் மதமாற்ற வியாபாரிகள் என்று ஒரு சாரார் எழுதுகின்றனர். இவ்வளவு தூரம் வந்து செய்யும் உதவியில் குறை காண்பது நன்றிகெட்ட செயல் என்று மறுசாரார் எழுதுகின்றனர். வலிகாமத்தில் உள்ள ஒரு புரட்டஸ்தாந்து சபையின் பணிக்குழுச் செயலாளராக 14 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இரு சாராரும் பேசாமல் விட்ட ஒரு விடயத்தை எழுத விரும்புகிறேன். என்ன உதவி, எவருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே அந்த விடயம்.

இங்கு வரும் சபைகளிற் பல பிரஸ்பிட்டேரியன் மரபைச் சேர்ந்தவை. அவற்றின் நடைமுறையை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். பிரஸ்பிட்டர் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூப்பர் என்று பொருள். பல சபைகளுக்கு மேலாக இருந்து ஆளும் பேராயர் அவர்களிடம் கிடையாது. சபையார் தெரிவு செய்யும் மூப்பர்களும் போதகரும் ஒரே மேசையில் இருந்து, பேசி, வாக்களித்தே எதையும் முடிவு செய்வர். தனியொருவர், அவர் போதகராகவே இருந்தாலும், சபைப் பணத்தைத் தம் விருப்பப்படி ஒரு பக்கம் திருப்பிவிட முடியாது. பணிக்கென ஒதுக்கும் தொகையைப் பொதுவாக இரண்டு கூறாக வைத்துக்கொள்வார்கள். வீடற்றோருக்கு உணவு, உணவுப்பொருட் களஞ்சியம், பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, சிறைச்சாலைச் சந்திப்பு போன்றவை உள்ளூர்ப் பணி. பிறநாடுகளில் மருத்துவமனை, பாடசாலை, பேரிடர் நிவாரணம், குறுங்காலக் குழுப் பயணம் ஆகியவை உலகப் பணி.

அவர்களுடைய உள்ளூர்ப் பணியை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கனடாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது, அயலிலுள்ள பிரஸ்பிட்டேரியன் சபையொன்றின் உணவுக் களஞ்சியத்தில் சனிக்கிழமைகளில் நானும் போய் நின்றேன். வரிசையில் வரும் நம்மவர் ஒருவருடைய பைக்குள் இருந்த மாட்டிறைச்சித் தகரத்தை, அவர் வாய் திறக்கும் முன்பே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கடலைத் தகரம் இரண்டை வைத்தார் அங்கிருந்த ஒரு முதிய பெண்மணி. முதல் கிழமை கேட்டு அறிந்ததை அவர் ஒரு சிறு கொப்பியில் குறித்து வைத்திருந்தார். அப்படிப்பட்ட கவனம், பணி கடல் கடக்கும்போது மட்டும் எப்படியோ கப்பலேறாமல் நின்றுவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பெயர் குறிப்பிட நான் விரும்பாத ஓர் அமெரிக்கச் சபை, போரில் கணவரை இழந்த பெண்களுக்கென்று ஏழு தையல் இயந்திரங்களை எங்கள் சபைக்கு அனுப்பிவைத்தது. அச்சபையார் தமது வீடுகளில் இருந்தவற்றைத் துடைத்து, எண்ணெய் இட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வாழ்த்து அட்டையைக் கட்டி அனுப்பியிருந்தார்கள். கொழும்புத் துறைமுகத்தில் அவை தேங்கி நின்ற நாட்களுக்கான கட்டணம், சுங்கத் தரகர் கூலி, லொறி வாடகை என்று எங்கள் காணிக்கைப் பணம் கரைந்தது. பெட்டிகள் திறந்த அன்று மண்டபத்தில் பதினொரு பெண்கள் இருந்தார்கள். முதல் இயந்திரத்தை மின்சாரத்தில் கொளுவி, முன்னால் இருந்த பெண்ணை மிதிக்கச் சொன்னோம். இயந்திரம் ஒருமுறை வீறிட்டு ஓடியது. அடுத்த கணம் அடிப்பகுதியிலிருந்து, அரக்கு எரிந்தது போன்ற மணத்துடன் புகை கிளம்பியது. அமெரிக்க வீட்டு மின்சாரம் 110 முதல் 120 வோல்ற் வரை, இங்கே 230 என்பதை அனுப்பியவர்களும் நினைக்கவில்லை, பொறுப்பேற்ற நாங்களும் பார்க்கவில்லை. அந்தப் பெண் துணியை விட்டுவிட்டு எழுந்து, "ஐயா, நான் ஒண்டும் செய்யேல்லை" என்றார். கொடுத்தவர்களின் கவனக்குறைவுக்கும் என் கவனக்குறைவுக்குமாக அவர் தலைகுனிந்து நின்றார்.

மின்திருத்துநரைக் கூப்பிட்டுக் கேட்டோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மின்னழுத்த மாற்றி வேண்டும், அந்தப் பணத்துடன் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் சுன்னாகத்தில் காலால் மிதிக்கும் புதிய இயந்திரமே எடுக்கலாம் என்றார். அதன் பிறகுதான் அப்பெண்களை ஒரு பின்னேரம் இருத்திவைத்துப் பேசினோம். நால்வருடைய வீட்டுக்கு அப்போது மின் இணைப்பே கிடையாது. மூவருக்குத் தையலும் தெரியும், சொந்த இயந்திரமும் இருந்தது. தீபாவளி, பொங்கல் காலத்துக்குப் பிள்ளைச் சட்டைகள் தைக்கத் துணியை மொத்த விலையில் எடுப்பதற்குக் கைமுதல்தான் இல்லை. ஒருவர் தமக்குத் தையலே பிடிக்காது, நாலு ஆடு கிடைத்தால் போதும் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தப் பின்னேரத்தை ஓராண்டு முன்பாக வைத்திருந்தால், ஏழு இயந்திரங்களும் அமெரிக்காவில் எவருக்காவது பயன்பட்டுக்கொண்டிருக்கும்.

இதில் எங்கள் பங்கையும் நான் மறைக்கவில்லை. கடிதம் வந்தபோது "மிக்க நன்றி, ஆவலுடன் காத்திருக்கிறோம்" என்று பதில் எழுதியவன் நானேதான். வருவதை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வருவதில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரங்களில் ஒரு பக்கம் தேவைக்கு மிஞ்சிய படகுகளும் மறு பக்கம் வலையில்லாத மீனவர்களுமாக இருந்த காட்சியை மறவாதவர்களுக்கு இதைக் கூடுதலாக விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய பணி எங்கள் மண்ணுக்குப் புதிதன்று. 1816இல் தெல்லிப்பழையிலும் அதையடுத்து வட்டுக்கோட்டையிலும் காலூன்றிய அமெரிக்க மிஷனை அனுப்பிய பொஸ்டன் சங்கத்தில், ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும் மரபினரான கொங்கிறிகேஷனல் சபையார் முதன்மையாகவும் பிரஸ்பிட்டேரியன் சபையாரும் ஒல்லாந்துச் சீர்திருத்த சபையாரும் அவர்களோடு கூட்டாகவும் இருந்தார்கள். 1870இல் பிரஸ்பிட்டேரியன்கள் அச்சங்கத்தை விட்டுத் தமது சொந்தச் சங்கத்துக்குப் போனாலும், 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையில் இவ்விரு மரபும் மறுபடி சேர்ந்தன. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோதுதான் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு, அதாவது இப்பகுதிச் சபைகளின் தொகுதிக்கு, முதற் பேராயராக சபாபதி குலேந்திரன் வந்தார். ஆகவே மூப்பர் மேசை என்பது எங்களுக்கும் அந்நியமான தளபாடம் அன்று.

அந்த மிஷனின் சரித்திரத்தில் ஒரு சம்பவத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1820இல் அச்சுத்தொழில் தெரிந்த ஜேம்ஸ் கறெற் என்பவர் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கியபோது, எட்வேர்ட் பார்ன்ஸ் தலைமையிலான பிரித்தானிய அரசு அவரைத் தங்கவிடாமல் நாட்டைவிட்டு அனுப்பியது. மேலும் அமெரிக்க மிஷனரிமார் வருவதற்கும் தடை போட்டது. 1830களின் தொடக்கம் வரையில் அந்தக் கதவு திறக்கவில்லை. ஆள் வராத அந்த இடைக்காலத்தில்தான் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி என்ற உயர்கல்விக் கூடமும் 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையும் தொடங்கின. வெளியிலிருந்து கை வராதென்று ஆன பின், இவ்வூர்ப் பிள்ளைகளைப் பழக்கி அவர்களிடம் வேலையை ஒப்படைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பார்ன்ஸ் தம்மை அறியாமல் செய்த இந்த உபகாரத்துக்கு யாழ்ப்பாணத்தார் இதுவரை ஒரு வீதிக்கேனும் அவர் பெயரை வைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பின்னர் வந்தவர்களிலும் நிலைத்தவர்கள் யார் என்று பாருங்கள். 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு நில்லாமல், ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்கள் கிராமங்களை விட்டு அரச உத்தியோகத்துக்குப் போய்விடுவதைக் கண்டு, மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பிக்கத் துணிந்தார். கலைச்சொற்களைத் தேடி, மாணவர்களோடு இருந்து, இரண வைத்தியம் (அறுவை மருத்துவம்), மனுஷ அங்காதிபாதம் (உடலமைப்பியல்), கெமிஸ்தம் (இரசாயனம்) முதலான நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவரிடம் பயின்ற தமிழ் மருத்துவர்கள் 60 பேருக்கும் மேல். 1873இல் மசச்சூசெற்சுக்குத் திரும்பிய பின்னும் தமிழ் மருத்துவ நூல் வேலையை விடவில்லை. 1840இல் உடுவிலுக்கு வந்த எலைசா அக்னியூ அம்மையார் 1879 வரையில் அப்பாடசாலையை நடத்தி, ஒருமுறையேனும் தாய்நாட்டுக்குப் போகாமல், 1883இல் மானிப்பாயிலே கண்மூடினார். குறுங்காலக் குழுவாக வந்து பத்து நாளில் ஒரு பாடசாலைச் சுவருக்குப் பூச்சுப் பூசலாம். மனுஷ அங்காதிபாதத்தை எழுத முடியாது.

ஆயினும் நீண்டகாலம் தங்குவது மாத்திரம் போதாது என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. வட்டுக்கோட்டைச் செமினரியை 1855இல் மூடியது இயற்கை அழிவோ அரசோ அல்ல. பொஸ்டன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்த்து, ஆங்கில வழி உயர்கல்வியானது சமய ஊழியத்துக்கு ஆட்களைத் தரவில்லை, கிராமப் பாடசாலையும் பிரசங்கமும் போதும் என்ற கொள்கையை முன்வைத்தார், கதவு மூடப்பட்டது. உள்ளூர்ச் சபைகள் தம்மைத் தாமே ஆள வேண்டும், தம்மைத் தாமே தாங்க வேண்டும், தாமே பரவ வேண்டும் என்று உலகெங்கும் போதித்தவரும் இதே அண்டர்சன்தான் என்பது வேடிக்கை. செமினரி மூடப்பட்ட சில ஆண்டுகளுக்குள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்களே. உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் விடாது வற்புறுத்தியதன் பேரில் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது 1872இல். இடையில் போன 17 ஆண்டுகளை எவர் திருப்பித் தந்தார்?

இதற்கு மாறான வழி பிரஸ்பிட்டேரியன் சபைகளுக்குள்ளேயே இருந்திருக்கிறது. சீனாவில் பணியாற்றிய ஜோன் நீவியஸ் என்ற பிரஸ்பிட்டேரியன் மிஷனரி 1890இல் கொரியாவுக்குச் சென்று, அங்கிருந்த இளைய மிஷனரிமாருக்குச் சொன்னது சுருக்கமானது: விசுவாசிகள் தமது தொழிலிலேயே இருக்கட்டும், தமது ஆலயத்தைத் தமது பணத்தில் தமது ஊர்ப் பாணியில் கட்டட்டும், தம்மால் தாங்க முடிந்த அளவுக்கே ஊழியரை வைத்துக்கொள்ளட்டும். 1907இல் கொரியப் பிரஸ்பிட்டேரியன் சபை தனக்கென ஒரு மூப்பர் சங்கத்தை அமைத்து ஏழு பேருக்குக் குருப்பட்டம் கொடுத்தபோது, அவ்வெழுவரில் ஒருவரை உடனடியாகவே ஜேஜூ தீவுக்கு ஊழியராக அனுப்பிவைத்தது. அந்த வறிய சபை அன்றே கொடுக்கும் சபையாகிவிட்டது.

நாங்களும் ஒரு காலத்தில் கொடுத்தவர்கள் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். மதுரையில் 1834இல் தொடங்கிய அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்து போன மிஷன். எங்கள் முன்னோர் தமக்கென ஒரு சுதேச ஊழியச் சங்கத்தை அமைத்து, தீவுப் பகுதிகளுக்குத் தமது செலவில் உபதேசிமாரை அனுப்பினார்கள். அந்தச் செலவு எங்கிருந்து வந்தது என்பதற்கு என் பேத்தியாரின் அடுப்படி சாட்சி. உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து, அடுப்புத் திட்டின் மூலையில் இருந்த மண்முட்டியில் போடுவார். பிடியரிசி முட்டி என்று அதற்குப் பெயர். மாத முடிவில் மாதர் சங்கத்தார் வந்து அளந்து கொண்டுபோவார்கள். சோறு குறைந்த நாட்களிலும் முட்டிக்குப் போகும் பிடி குறைந்ததில்லை. சில வீடுகளில் ஒரு தென்னையைக் குறித்து அதன் காய் முழுவதையும் காணிக்கையாக்குவார்கள். இன்று எங்கள் ஆலயத்தில் அறுவடைப் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைக்குலை பல ஆயிரம் ரூபாவுக்குப் போகிறது. அந்தப் பணத்தில் எவ்வளவு ஆலய வளவைத் தாண்டிப் போகிறது என்று கேட்டால் கணக்காளர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

வெளிநாட்டாரிடம் நான் காணும் குறை எங்களிடமும் அப்படியே இருக்கிறது. நத்தார் காலத்தில் நாங்கள் வன்னிக் கிராமங்களுக்குப் பொதி கொண்டு போகிறோம். 1958, 1977 கலவரங்களின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கத்தில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அந்தப் பொதிக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஒருமுறை எங்கள் இளைஞர் சிலர் அரிசி, சீனிக்கு நடுவே துண்டுப் பிரசுரங்களையும் வைத்துக் கட்டிவிட்டார்கள். அக்கிராமத்துப் பிள்ளையார் கோயில் தலைவர் மறுநாள் அவற்றை ஒரு பையில் சேர்த்து, எவ்விதக் கடுஞ்சொல்லும் இன்றி, "தம்பி, இது உங்கட சாமான், தவறி வந்திட்டுது" என்று என்னிடம் தந்தார். நான் வெட்கப்பட்டேன். பசித்தவன் கையில் அரிசியோடு சேர்த்து மதத்தையும் திணிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, பிரஸ்பிட்டேரியன் மரபின் உடன்பிறப்பான ஒல்லாந்துச் சீர்திருத்தத் திருச்சபையிடம் யாழ்ப்பாணம் 1658 தொடக்கம் 1795 வரையில் கண்டிருக்கிறது. ஞானஸ்நானம் இல்லாதவருக்கு உத்தியோகம் இல்லை என்ற நாளில் பதிவேடுகள் நிரம்பின. ஆங்கிலேயர் வந்து அந்த நிர்ப்பந்தம் நீங்கியதும் ஆலயங்கள் வெறிச்சோடின. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதற்கு இருந்த நியாயத்தை, கிறிஸ்தவனாகிய நான் எதிரியின் நியாயமாகப் பார்க்கவில்லை.

எங்கள் சபைகளுக்குள் சாதி எந்த வாங்கில் இருக்கிறது என்பதை இங்கே விரிக்கப் போவதில்லை. அது தனிக் கடிதத்துக்குரிய விடயம். ஆனால் வன்னிக்குப் போகும்போது பொதியோடு சேர்த்து அதையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டே போகிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாவேன்.

பிரசுரச் சம்பவத்தின் பின்னர் அதே கிராமத்துக்குப் பொதி எதுவும் இல்லாமல் மூன்று பேர் போனோம். கோயில் தலைவரே தம் வீட்டு முற்றத்தில் பாய் விரித்துப் பெண்களை அழைத்துவைத்தார். உங்களுக்கு எது பெரிய இடைஞ்சல் என்று கேட்டோம். நுண்கடன் தவணையைச் சிலர் சொன்னார்கள். அதற்கு எங்களிடம் மருந்து இருக்கவில்லை. அதிகமானோர் சொன்னது எங்களுக்கு எதிர்பாராததாக இருந்தது: கடிதம் எழுத ஆள் வேண்டும். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள், கணவரின் இறப்பைப் பதிய முடியாதவர்கள், காணி அனுமதிப்பத்திரம் தாத்தாவின் பெயரிலேயே நிற்பவர்கள், பிரதேச செயலகத்துக்கும் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் நாலைந்து தடவை போய், எந்தப் படிவம் என்று தெரியாமல் திரும்பிவந்தவர்கள். எங்கள் சபையில் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்கள் இருவர் இருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை அவர்கள் பேருந்தில் போய், அந்த முற்றத்தில் ஒரு மேசையைப் போட்டு, விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து, எந்த அலுவலரிடம் எந்த நாளில் கொடுக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தார்கள். பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் தவிர ஒரு செலவும் இல்லை. ஐந்து ஆண்டுகள் நடந்தது. ஒருவர் காலமான பின்னர் நின்றுவிட்டது. அதற்கு ஆள் தேடாமல் விட்டதும் எங்கள் பிழைதான்.

இதையெல்லாம் எழுதக் காரணம், வரும் ஆண்டுக்கான பயணத் திட்டங்களை வெளிநாட்டுச் சபைகளின் பணிக்குழுக்கள் இப்போதுதான் வகுக்கத் தொடங்குகின்றன. புலம்பெயர்ந்த எம்மவரிற் பலர் அக்குழுக்களில் மூப்பர்களாக இருக்கிறார்கள், தங்கள் நாளிதழையும் இணையத்தில் வாசிக்கிறார்கள். தமது மூப்பர் மேசைக்கு ஒரு திட்டம் வரும்போது, அந்த ஊரிலிருந்து ஒருவராவது தமது மொழியிலேயே அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டோமா என்று அவர்கள் வினவ வேண்டும். இப்போது தொலைபேசித் திரையில் முகம் பார்த்துப் பேச ஒரு சதமும் செலவில்லை. பேசுபவர் இங்குள்ள போதகராகவோ செயலாளராகவோ மட்டும் இருக்கக் கூடாது என்பதை என் அனுபவத்தைக் கொண்டே வற்புறுத்துகிறேன். நன்றிக் கடிதம் எழுதிப் பழகியவர்கள் நாங்கள். உதவி பெறும் பெண்ணோ மீனவரோ அவ்வூர்க் கோயில் தலைவரோ பேசட்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அந்த வேண்டாமுக்கு அம்மேசையில் ஒரு வாக்கின் பெறுமதி இருக்கட்டும். குழுவாக வர விரும்புவோர் வரட்டும், பார்க்கட்டும், பிட்டும் சம்பலும் உண்டு போகட்டும்; அதை விருந்தென்று அழைப்போம், பணியென்று கணக்கு எழுதாமல் விடுவோம். பத்துப் பேரின் விமானக் கட்டணத்தில் இங்கே ஒரு தையல் ஆசிரியைக்கோ ஒரு கணக்காளருக்கோ எத்தனை ஆண்டுச் சம்பளம் என்பதை அவர்களே பெருக்கிப் பார்க்கலாம்.

எங்கள் ஆதீனச் சபைகளிடமும் ஒரு வேண்டுகோள். வன்னிக் கிராமங்களை "மிஷன் களம்" என்று வரைபடத்தில் குறிப்பதற்கு முன்பு, அக்களத்துச் சபையாரில் இருவரையேனும் எங்கள் பணிக்குழுவில் வாக்குரிமையுடன் இருத்துங்கள். கூட்டம் யாழ்ப்பாண நகரத்தில் மாலை ஐந்து மணிக்கு என்றால், கடைசிப் பேருந்தை விட்டுவிடுவோம் என்று பயந்து அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். முறை வைத்துக் கிளிநொச்சியிலும் கூட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. மேற்சொன்ன ஏழு தையல் இயந்திரங்களில் புகைந்தது போக மீதி ஆறும் எங்கள் ஆலயத்தின் பின்னறையில் வாழ்த்து அட்டைகளுடன் அப்படியே இருக்கின்றன. பொருத்தமான மின்னழுத்த மாற்றி வைத்திருக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தார் எவராவது தங்கள் அலுவலகத்தின் மூலம் கேட்டால், கட்டணம் எதுவும் இன்றி ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறோம். தேவை உண்டா என்பதை அவர்களே முதலில் பார்த்துச் சொல்லட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.